14 வெற்றி பெற்றும் வெளியூர் ஆட்டம்: என்எஃப்எல் பிளேஆஃப் இடங்கள் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன?

2025 ஜனவரி 5, ஞாயிறு இரவு. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அந்தப் பருவத்தின் கடைசி லீக் ஆட்டம் டெட்ராய்ட் நகரின் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் நடந்தது. டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ் ஆகிய இரு அணிகளும் அதுவரை 14 ஆட்டங்களில் வென்று, இரண்டில் மட்டுமே தோற்றிருந்தன. இரண்டுமே பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றாகிவிட்டது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் வெல்லும் அணி தன் கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கின் இரு பாதிகளில் தனக்குரிய பாதியில், முதல் தரவரிசையையும், ஒரு வார ஓய்வையும், சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையையும் பெறும். தோற்கும் அணி நேராக ஐந்தாம் தரவரிசைக்குப் போய், அடுத்த வாரமே வெளியூருக்குப் பயணப்பட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடங்களுக்கு அந்த அணியால் வரவே முடியாது.

லயன்ஸ் 31-9 என வென்றது. 14 வெற்றி, 3 தோல்வி என்ற அருமையான கணக்குடன் பருவத்தை முடித்த வைக்கிங்ஸ், ஜனவரி 13 அன்று 10 வெற்றி, 7 தோல்வி மட்டுமே கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் விருந்தாளியாகக் களமிறங்கியது. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகருக்கு மாற்றப்பட்டது. ஆனாலும் விதிப்படி ராம்ஸ்தான் உள்ளூர் அணி. 27-9 என்ற கணக்கில் தோற்று வைக்கிங்ஸ் வெளியேறியது.

நான்கு வெற்றி குறைவாகப் பெற்ற அணி எப்படித் தரவரிசையில் முன்னால் நிற்க முடியும் என்பது, இந்த லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி. இதற்கான பதில் ஒரு விதியில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. லீக் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

என்எஃப்எல்லில் 32 அணிகள் இருக்கின்றன. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவது 17 லீக் ஆட்டங்கள். அவை 18 வாரங்களில் நடக்கின்றன. மோதலும் விழுதலும் நிறைந்த இந்த ஆட்டத்தை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆட வீரர்களின் உடல் தாங்காது என்பதால், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் சந்திக்கும் முழுச் சுழற்சிக்கு இங்கே வழியில்லை. ஐபிஎல் போல எல்லா அணிகளையும் ஒரே புள்ளிப் பட்டியலில் அடுக்கி, மேலே இருக்கும் நான்கு அணிகளை எடுத்துக்கொள்வது இங்கே நியாயமாக இருக்காது. ஓர் அணிக்கு இருக்கும் 31 எதிராளிகளில் ஒரு பருவத்தில் அது சந்திப்பது 14 அணிகளை மட்டுமே. மீதி 17 அணிகளை எதிர்கொள்வதே இல்லை. ஒருவர் கடினமான வினாத்தாளையும் இன்னொருவர் எளிய வினாத்தாளையும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுவதில் உள்ள சிக்கல் இங்கே ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. பிளேஆஃப் விதிகள் அனைத்தும் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வுகள் என்று எடுத்துக்கொண்டால், அவற்றின் வரிசை புரியத் தொடங்கும்.

அணிகள் முதலில் ஏஎஃப்சி, என்எஃப்சி என்ற இரு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் 16 அணிகள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என நான்கு டிவிஷன்களாகவும், ஒவ்வொரு டிவிஷனும் நான்கு அணிகளாகவும் பிரிகிறது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி புதிதாகச் சேர்ந்த 2002ஆம் ஆண்டு முதல் இந்த அமைப்பு மாறவில்லை. திசைப் பெயர்களை நிலவரைபடத்தில் தேடினால் குழப்பமே மிஞ்சும். டல்லஸ் அணி கிழக்கு டிவிஷனில் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் தெற்கில் இருக்கிறது. பழைய பகைகளைப் பிரிக்கக் கூடாது என்பதற்காகப் புவியியல் பல இடங்களில் வளைந்துகொடுத்திருக்கிறது.

17 ஆட்டங்களுக்கான எதிராளிகள் ஒரு சூத்திரப்படி வருகிறார்கள். டிவிஷனில் உள்ள மற்ற மூன்று அணிகளுடன் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என ஆறு ஆட்டங்கள். அதே கான்ஃபரன்ஸின் வேறொரு டிவிஷன் முழுவதுடனும் நான்கு ஆட்டங்கள். இந்த டிவிஷன் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறும். எதிர்க் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷன் முழுவதுடனும் நான்கு ஆட்டங்கள். இது நான்காண்டுச் சுழற்சி. மீதி மூன்று ஆட்டங்கள், முந்தைய பருவத்தில் தத்தம் டிவிஷனில் அதே இடத்தில் முடித்த மற்ற அணிகளுடன் நடக்கும். அதாவது முந்தைய ஆண்டு முதலிடம் பிடித்த அணி இந்த மூன்று ஆட்டங்களில் முதலிடம் பிடித்தவர்களையும், கடைசியில் வந்த அணி கடைசியில் வந்தவர்களையும் சந்திக்கும்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே டிவிஷனைச் சேர்ந்த இரு அணிகளை எடுத்துக்கொண்டால், 17 ஆட்டங்களில் 14 ஆட்டங்கள் ஒன்று அவை தமக்குள் மோதுபவை, அல்லது இருவருக்கும் பொதுவான எதிராளிகளுடன் நடப்பவை. மூன்று ஆட்டங்கள் மட்டுமே வேறுபடும். ஆக, 32 அணிகள் கொண்ட இந்த லீக்கில் ஏறக்குறைய ஒரே தேர்வை எழுதியவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் அந்த நால்வர் மட்டுமே. டிவிஷன் வெற்றியாளருக்கு லீக் அளிக்கும் தனி மரியாதை இந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. மரபுக்காக மட்டும் அது நீடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல.

இனித் தகுதிக்கு வரலாம். ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் ஏழு அணிகள் என மொத்தம் 14 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. நான்கு டிவிஷன்களில் முதலிடம் பிடித்த நான்கு அணிகளுக்கு இடம் உறுதி. அவர்களின் வெற்றிக் கணக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த இடம் பறிபோகாது. டிவிஷனை வெல்லாத மற்ற 12 அணிகளில் சிறந்த கணக்கு வைத்திருக்கும் மூன்று அணிகள் 'வைல்டு கார்டு' என்ற பெயரில் உள்ளே வருகின்றன. தரவரிசை இதே பிரிவைப் பின்பற்றுகிறது. டிவிஷன் வெற்றியாளர்கள் நால்வரும் தங்களுக்குள் கணக்கின்படி 1 முதல் 4 வரை இடம் பெறுகிறார்கள். வைல்டு கார்டு அணிகள் 5 முதல் 7 வரை. ஐந்தாம் இடத்தில் இருப்பவர் நான்காம் இடத்தில் இருப்பவரைவிட எத்தனை ஆட்டங்கள் கூடுதலாக வென்றிருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. வைக்கிங்ஸ் நின்றது அந்தக் கோட்டுக்குக் கீழே. ராம்ஸ் அதற்கு மேலே.

முதல் சுற்றில் முதல் தரவரிசை அணிக்கு ஓய்வு. இரண்டாம் அணி ஏழாம் அணியுடனும், மூன்றாம் அணி ஆறாம் அணியுடனும், நான்காம் அணி ஐந்தாம் அணியுடனும் மோத, தரவரிசையில் முன்னால் இருப்பவரின் மைதானத்தில் ஆட்டம் நடக்கும். ஒரே ஆட்டம்தான், தோற்றால் பருவம் முடிந்தது. இரண்டாம் சுற்றில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டென்னிஸ் போட்டிகளில் இருப்பது போன்ற நிலையான அட்டவணை மரம் இங்கே கிடையாது. முதல் சுற்றில் மிஞ்சியவர்களில் தரவரிசையில் மிகக் கீழே இருப்பவர் யாரோ அவரே முதல் தரவரிசை அணியின் மைதானத்துக்குப் போவார். மற்ற இருவரும் தங்களுக்குள் மோதுவார்கள். மேலே சொன்ன ஜனவரி ஆட்டங்களும் அடங்கிய 2024 பருவத்தில் என்எஃப்சியின் முதல் சுற்று முடிந்தபோது பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் (2), ராம்ஸ் (4), வாஷிங்டன் கமாண்டர்ஸ் (6) ஆகிய மூன்று அணிகள் மிஞ்சின. அதனால் கமாண்டர்ஸ் டெட்ராய்ட்டுக்கும், ராம்ஸ் பிலடெல்ஃபியாவுக்கும் போயின. மேலே இருப்பவருக்குக் கிடைக்கும் பலன் ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே இதன் கருத்து. மூன்றாம் சுற்று கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். அதையும் மேலே இருப்பவரே தன் ஊரில் நடத்துவார். இரு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும் சந்திக்கும் சூப்பர் பௌல் மட்டும், பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவுசெய்யப்பட்ட பொதுவான இடத்தில் நடக்கும்.

சொந்த மைதான உரிமையை வெற்றிக் கணக்கோடு இணைத்தது ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கம் அல்ல. 1974 பருவம் வரை, எந்த டிவிஷன் சாம்பியனின் ஊரில் பிளேஆஃப் நடக்கும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட சுழற்சி முறையில் முடிவானது. அதன் விளைவு 1972இல் பளிச்சென்று தெரிந்தது. லீக் ஆட்டங்கள் 14லும் தோல்வியே காணாத மியாமி டால்ஃபின்ஸ், ஏஎஃப்சி இறுதி ஆட்டத்துக்காகப் பிட்ஸ்பர்க் நகருக்குப் போக வேண்டியிருந்தது. 21-17 என வென்று அந்த அணி தோல்வியற்ற பருவத்தை நிறைவுசெய்தது. ஆனால் முழுமையான வெற்றிக் கணக்குக்கே சொந்த மண் கிடைக்காத ஒரு முறையை நியாயப்படுத்துவது கடினம். 1975 பருவத்திலிருந்து கணக்கின் அடிப்படையில் தரவரிசை வந்தது.

கணக்கு என்று சொல்லும்போது லீக் பார்ப்பது வெற்றி விகிதத்தை. புள்ளிகள் என்று எதுவும் இல்லை. சமனில் முடியும் ஆட்டம் பாதி வெற்றியாகவும் பாதி தோல்வியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். விகிதத்தின் பயன் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடும்போது தெரியாது. 2023 ஜனவரியில் அது முன்னுக்கு வந்தது. ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் களத்திலேயே இதயத் துடிப்பு நின்று சரிந்தார். மருத்துவக் குழு அவருடைய உயிரைக் காத்தது. அந்த ஆட்டம் மீண்டும் நடத்தப்படாமல் ரத்தானது. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 14-3 (14 வெற்றி, 3 தோல்வி) என்றும் பில்ஸ் 13-3 என்றும் முடித்ததால், விகிதத்தின்படி சீஃப்ஸ் முதல் தரவரிசையைப் பெற்றது. ரத்தான ஆட்டத்தில் பில்ஸ் வென்றிருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம் என்பதை உணர்ந்த அணி உரிமையாளர்கள், அந்த இரு அணிகளும் ஏஎஃப்சி இறுதியில் சந்தித்தால் ஆட்டத்தைப் பொது இடமான அட்லாண்டாவில் நடத்துவது என்று அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் முடிவெடுத்தார்கள். முந்தைய சுற்றிலேயே பில்ஸ் சின்சினாட்டியிடம் தோற்றதால் அதற்குத் தேவை வரவில்லை. என் பார்வையில், விதிப் புத்தகத்தை இயந்திரம்போல் பயன்படுத்தாமல் லீக் நடந்துகொண்ட நல்ல தருணம் அது.

17 ஆட்டங்கள் மட்டுமே என்பதால் பல அணிகள் ஒரே கணக்கில் முடிப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பெரும்பாலும் சமனைப் பிரிக்கும் டைபிரேக்கர் விதிகளே தீர்மானிக்கின்றன. இவற்றின் வரலாறு ஒரு பெரிய மனக்குறையில் தொடங்குகிறது. 1966 வரை சமன் ஏற்பட்டால் தனியாக ஓர் ஆட்டம் நடத்தி முடிவுசெய்தார்கள். 1967இல் பால்டிமோர் கோல்ட்ஸ், ராம்ஸ் ஆகிய இரண்டுமே 11 வெற்றி, 1 தோல்வி, 2 சமன் என முடித்தன. அவை தமக்குள் ஆடிய முதல் ஆட்டம் 24-24 எனச் சமனானது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ராம்ஸ் 34-10 என வென்றது. தமக்குள் ஆடிய ஆட்டங்களில் அடித்த புள்ளிகளின் வித்தியாசத்தைப் பார்ப்பது என்ற விதிப்படி ராம்ஸ் முன்னேறியது. பருவம் முழுவதும் ஒரே ஒரு தோல்வியைக் கண்ட கோல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்திருக்க, 9 வெற்றி மட்டுமே பெற்றிருந்த கிரீன் பே, டல்லஸ், கிளீவ்லாண்ட் அணிகள் பிளேஆஃப் ஆடின. டிவிஷனை வெல்லாதவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஏஎஃப்எல் என்ற போட்டி லீக்குடனான இணைப்பு 1970இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் ஒரு வைல்டு கார்டு இடமும் வந்தது.

இன்றைய டைபிரேக்கர் வரிசை நீளமானது. ஆனால் அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. டிவிஷனுக்குள் இரு அணிகள் சமனானால் முதலில் அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவையும், அடுத்து டிவிஷன் ஆட்டங்களின் கணக்கையும், பிறகு பொது எதிராளிகளுக்கு எதிரான கணக்கையும், பிறகு கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் கணக்கையும் பார்ப்பார்கள். வைல்டு கார்டு இடத்துக்கு வேறு வேறு டிவிஷன் அணிகள் மோதும்போது, அவை சந்தித்திருந்தால் அந்த முடிவு முதலில் வரும். அதன் பின் கான்ஃபரன்ஸ் கணக்கு. அதன் பின்னரே பொது எதிராளிகள், அதுவும் குறைந்தது நான்கு பொது ஆட்டங்கள் இருந்தால் மட்டும். அடுத்து இரு வகைச் சமன்களிலும் வருவது 'வெற்றியின் வலிமை'. அதாவது ஓர் அணி தோற்கடித்த எதிராளிகள் எல்லோருடைய வெற்றி விகிதத்தையும் கூட்டிப் பார்ப்பது. பிறகு 'அட்டவணையின் வலிமை', அதாவது எல்லா எதிராளிகளின் விகிதம். அதற்கும் பிறகுதான் அடித்த, விட்டுக்கொடுத்த புள்ளிகள் கணக்கில் வருகின்றன. அவற்றுக்கும் பின்னால் டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) வித்தியாசம். எல்லாமே சமனானால் நாணயச் சுண்டல்.

ஐபிஎல்லில் புள்ளிகளும் வெற்றிகளும் சமனானவுடன் நிகர ரன் விகிதத்துக்குப் போய்விடுவார்கள்; பலவீனமான அணியை எவ்வளவு நசுக்கினாய் என்பதும் அதில் மதிப்புப் பெறுகிறது. என்எஃப்எல் அதைக் கடைசிவரை தள்ளிவைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. முடிவு தெளிவாகிவிட்ட ஆட்டத்தில் முன்னணி வீரர்களை உட்காரவைத்து அவர்களை காயத்திலிருந்து காப்பது இந்த ஆட்டத்தில் அவசியம். புள்ளி வித்தியாசம் முக்கியம் என்றால் எந்தப் பயிற்சியாளரும் அதைச் செய்யத் துணியமாட்டார்.

இந்த வரிசை எவ்வளவு நுணுக்கமாக வெட்டும் என்பதற்கு 2008 பருவம் நல்ல பாடம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், மியாமி டால்ஃபின்ஸ் ஆகிய இரண்டும் ஒரே டிவிஷனில் 11-5 என முடித்தன. தமக்குள் ஆளுக்கு ஒரு வெற்றி. டிவிஷன் ஆட்டங்களில் இருவருக்கும் 4-2. பொது எதிராளிகளுக்கு எதிராக இருவருக்கும் 10-2. நான்காவது அளவுகோலான கான்ஃபரன்ஸ் கணக்கில் டால்ஃபின்ஸ் 8-4, பேட்ரியாட்ஸ் 7-5. டிவிஷன் மியாமிக்குப் போனது. பேட்ரியாட்ஸுக்கு மிஞ்சியிருந்த கடைசி வைல்டு கார்டு இடத்துக்குப் போட்டியாக இருந்த பால்டிமோர் ரேவன்ஸும் 11-5. இருவரும் அந்த ஆண்டு சந்திக்கவில்லை. கான்ஃபரன்ஸ் கணக்கில் ரேவன்ஸும் 8-4. ஒரே எண்ணால் இரண்டு முறை அடிபட்டு, 11 வெற்றியுடன் பேட்ரியாட்ஸ் வெளியே நின்றது.

ஏன் அப்படி? பேட்ரியாட்ஸின் ஐந்து தோல்விகளும் ஏஎஃப்சி அணிகளிடமே வந்தவை. எதிர்க் கான்ஃபரன்ஸின் நான்கு அணிகளையும் அது வென்றது. மியாமியும் பால்டிமோரும் தங்கள் ஐந்து தோல்விகளில் ஒன்றை என்எஃப்சி அணியிடம் பெற்றிருந்தன. எல்லாத் தோல்விகளும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதை இந்த லீக்கைப் பின்தொடர்பவர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்: எதிர்க் கான்ஃபரன்ஸிடம் தோற்பது நட்டம் குறைந்த தோல்வி, சொந்த டிவிஷனில் தோற்பது மிகக் கனமான தோல்வி. அதே ஆண்டு ஏஎஃப்சி மேற்கு டிவிஷனை 8-8 என்ற கணக்குடன் வென்ற சான் டியேகோ சார்ஜர்ஸ் உள்ளே வந்ததோடு, 12-4 என முடித்திருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸைத் தன் மைதானத்துக்கு வரவழைத்துக் கூடுதல் நேரத்தில் 23-17 என வென்றது.

வைல்டு கார்டு இடத்துக்கு மூன்று அணிகள் சமனானால் சிக்கல் கூடுகிறது. அப்போது நேரடிச் சந்திப்பு எடுபட வேண்டுமானால், ஓர் அணி மற்ற இரண்டையும் வென்றிருக்க வேண்டும், அல்லது இரண்டிடமும் தோற்றிருக்க வேண்டும். வைல்டு கார்டுக்கான ஒப்பீட்டில் ஒரே டிவிஷனிலிருந்து ஒரு நேரத்தில் ஓர் அணிதான் மேசைக்கு வரும். டிவிஷனுக்குள் யார் முன்னால் என்பதை அந்த டிவிஷனின் விதிகளால் முதலில் தீர்த்துவிட வேண்டும். 2010இல் கிரீன் பே பேக்கர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ், டாம்பா பே பக்கனியர்ஸ் ஆகிய மூன்றும் 10-6 என முடித்து என்எஃப்சியின் கடைசி இடத்துக்கு மோதின. முதல் அளவுகோல்கள் எதுவும் பிரிக்கவில்லை. 'வெற்றியின் வலிமை' வரை போக வேண்டியிருந்தது: பேக்கர்ஸ் வீழ்த்திய அணிகளின் கூட்டு விகிதம் .475, ஜயண்ட்ஸுக்கு .400, பக்கனியர்ஸுக்கு .344. பேக்கர்ஸ் ஆறாம் தரவரிசையில் நுழைந்து, மூன்று வெளியூர் ஆட்டங்களையும் வென்று, சூப்பர் பௌலில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 எனத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனது. அவர்கள் வென்ற அணிகள் அந்த ஆண்டில் வேறு யாரையோ எந்த ஊரிலோ வென்றதுதான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது.

கடைசி வாரத்தில் இந்தக் கணக்குகள் உச்சத்தை அடைகின்றன. 2010 முதல் கடைசி வார ஆட்டங்கள் அனைத்தும் டிவிஷனுக்குள்ளேயே நடக்கும்படி அட்டவணை அமைக்கப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டின் அனுபவத்தைப் பார்த்தால் தேவை விளங்கும். 2009இல் 14-0 என்ற நிலையில் முதல் தரவரிசையை உறுதிசெய்திருந்த கோல்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக முன்னிலையில் இருந்தபோதே தன் நட்சத்திர வீரர் பெய்டன் மேனிங்கைக் களத்திலிருந்து எடுத்தது. ஜெட்ஸ் 29-15 என வென்றது. அடுத்த வாரம், ஏற்கெனவே டிவிஷனை வென்றிருந்த சின்சினாட்டியை 37-0 என வீழ்த்தி 9-7 என்ற கணக்குடன் ஜெட்ஸ் பிளேஆஃபுக்குள் வந்தது. அதே 9-7 வைத்திருந்த ஹூஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் வெளியே போயின. யாருக்கு ஓய்வு தேவை என்பது மூன்றாம் அணியின் விதியை எழுதிவிடக் கூடாது. டிவிஷன் எதிரிகள் மோதும்போது அந்த ஆபத்து குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை.

2022 ஜனவரி 9 இரவு அது வேறு உருவில் வந்தது. லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் பருவத்தின் கடைசி ஆட்டத்தை ஆடின. அன்று பகலில் ஜாக்சன்வில் யாரும் எதிர்பாராமல் கோல்ட்ஸை வீழ்த்தியதால், இந்த ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணிகளும் உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே என்ற நிலை உருவானது. நிர்ணயிக்கப்பட்ட நேரத்தின் கடைசி நொடியில் சார்ஜர்ஸ் டச் டவுன் அடித்து 29-29 ஆக்கியது. கூடுதல் நேரத்தில் இருவரும் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் பெறும் மூன்று புள்ளிகள்) அடிக்க 32-32. பத்து நிமிடக் கூடுதல் நேரம் முடிய 38 நொடிகள் இருந்தபோது சார்ஜர்ஸ் டைம் அவுட் எடுத்தது. கடைசி நொடியில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கோலுக்குள் போனது. 35-32. சில அங்குலம் விலகியிருந்தால் தகுதி பெற்றிருக்கும் சார்ஜர்ஸ் வெளியேற, களத்திலேயே இல்லாத பிட்ஸ்பர்க் உள்ளே வந்தது.

இடங்களின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடிக்கொண்டே வந்திருக்கிறது: 1970இல் 8, 1978இல் 10, 1990இல் 12, 2020 முதல் 14. வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்களாகச் சுருங்கிய 1982 பருவம் மட்டும் விதிவிலக்கு. அப்போது டிவிஷன்களையே ஒதுக்கிவைத்துவிட்டுக் கான்ஃபரன்ஸுக்கு எட்டு அணிகள் எடுக்கப்பட்டன. 2020இன் மாற்றம் ஏழாவது இடத்தைச் சேர்த்ததோடு, அதுவரை இரண்டாம் தரவரிசைக்கும் இருந்த ஓய்வு வாரத்தைப் பறித்தது. இதனால் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி பெரிதாகிவிட்டது. கடைசி வாரங்களில் அதற்கான போட்டி முன்பைவிடக் கூர்மையானது. ஏழாம் இடம் வெறும் அலங்காரம் என்ற குறை சில ஆண்டுகள் இருந்தது. 2024 ஜனவரியில் பேக்கர்ஸ், அந்தப் பருவத்தில் சொந்த மண்ணில் தோல்வியே காணாத டல்லஸை 48-32 என வீழ்த்தி, பிளேஆஃபில் வென்ற முதல் ஏழாம் தரவரிசை அணி ஆனது.

இனி மையமான சர்ச்சை. 2010இல் சியாட்டில் சீஹாக்ஸ் 7-9 என்ற கணக்குடன் டிவிஷனை வென்றது; முழுப் பருவம் ஆடி, வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்ற நிலையில் பிளேஆஃபுக்கு வந்த முதல் அணி அது. அதன் மைதானத்துக்கு வந்தது 11-5 வைத்திருந்த நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். சீஹாக்ஸ் 41-36 என வென்றது. மார்ஷான் லிஞ்ச் 67 கெஜம் ஓடி அடித்த டச் டவுனுக்கு எழுந்த ரசிகர்களின் அதிர்வை அருகிலிருந்த நிலநடுக்கக் கருவி பதிவுசெய்தது. 2014இல் 7-8-1 (கடைசி எண் சமன்) என்ற கணக்குடன் கரோலைனா பாந்தர்ஸ், 11-5 அரிசோனாவைச் சொந்த ஊரில் வென்றது. 2020இல் 7-9 வாஷிங்டனும், 2022இல் 8-9 டாம்பா பேயும் இப்படியே உள்ளூர் ஆட்டம் நடத்தின, இருவரும் தோற்றார்கள். 2020இல் வாஷிங்டனை அதன் ஊரிலேயே வென்ற வைல்டு கார்டு டாம்பா பேதான் அந்த ஆண்டின் சாம்பியன்.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே முறை. டிவிஷன் வெற்றியாளருக்குப் பிளேஆஃபில் இடம் கொடுக்கலாமா என்பது ஒன்று. கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய ஒரே எதிராளிகளைச் சந்தித்த நால்வரில் முதலாவதாக வந்த அணியை வெளியே தள்ளி, வேறு அட்டவணை ஆடிய அணியை அதன் இடத்தில் வைப்பதற்கு நம்மிடம் நம்பகமான அளவுகோல் இல்லை. ஒரு டிவிஷன் முழுவதும் கடினமான இரு டிவிஷன்களைச் சந்தித்த ஆண்டில் அதன் வெற்றியாளரின் கணக்கு இயல்பாகவே இளைத்திருக்கும். இரண்டாவது கேள்வி, அந்த வெற்றியாளருக்குச் சொந்த மைதானத்தையும் கொடுக்க வேண்டுமா என்பது. இதற்கு முதல் கேள்வியின் நியாயம் போதவில்லை. ஒன்றிரண்டு வெற்றி வித்தியாசத்தை அட்டவணை விளக்கலாம். 14 வெற்றிக்கும் 10 வெற்றிக்கும் உள்ள நான்கு ஆட்ட இடைவெளியை அதனால் முழுவதும் விளக்க முடியாது. அதிலும் வைக்கிங்ஸ் இரண்டாமிடம் வந்தது 15-2 என முடித்த அணி இருந்த டிவிஷனில். அண்டை வீட்டுக்காரர் அதைவிடச் சிறப்பாக ஆடினார் என்பதற்காக ஓர் அணியை வெளியூருக்கு அனுப்புவது தகுதிக்கு மதிப்பளிக்கும் முறையாக எனக்குத் தெரியவில்லை.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிவிஷன் பட்டத்துக்கு உள்ளூர் பிளேஆஃப் ஆட்டம் என்ற கைப்பொருள் இல்லாவிட்டால், கிரீன் பேக்கும் சிகாகோவுக்கும், டல்லஸுக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் இடையே ஆண்டுக்கு இருமுறை நடக்கும் மோதல்களின் சூடு தணிந்துவிடும் என்று உரிமையாளர்கள் பலர் கருதுகிறார்கள். உள்ளூர் பிளேஆஃப் ஆட்டம் ஒரு நகரத்துக்குக் கொண்டாட்டம், அணிக்கு வருமானமும்கூட.

இந்த விதியை மாற்றும்படி 2025இல் முன்மொழிந்தது, அந்த ஜனவரி இரவில் பலன் பெற்ற டெட்ராய்ட் லயன்ஸே. டிவிஷன் வெற்றியாளர்களின் இடம் அப்படியே இருக்கும். ஆனால் ஏழு அணிகளையும் கணக்கின்படி வரிசைப்படுத்தி, சிறந்த கணக்குள்ள வைல்டு கார்டு அணி டிவிஷன் வெற்றியாளருக்கு மேலே போக வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அது அந்த ஆண்டு நடப்பில் இருந்திருந்தால் வைக்கிங்ஸ் குறைந்தது மூன்றாம் தரவரிசையில், தன் சொந்த மைதானத்தில் ஆடியிருக்கும். விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேரின் ஆதரவு வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் முடிவெடுக்காமல் ஒத்திவைக்கப்பட்ட அந்த முன்மொழிவை, மே மாதம் வாக்கெடுப்புக்கு முன்பே லயன்ஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓய்வு வாரமும் முதல் தரவரிசையும் சொந்த மைதானமும் கிடைத்த லயன்ஸ், இரண்டாம் சுற்றில் ஆறாம் தரவரிசை கமாண்டர்ஸிடம் 45-31 எனத் தோற்று அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வெளியேறியிருந்தது.